க்வில்ட் பின்துணி கணக்கு உதைக்கிறது, தைக்கிறவர்கள் சொல்லுங்களேன்

அம்பாசமுத்திரத்தில் இருக்கிற அம்மாவுக்காக ஒட்டுத்துணி க்வில்ட் (அடுக்காகத் தைக்கிற மெத்தென்ற போர்வை) ஒன்று தைக்கிறேன், மார்கழிப் பனிக்கு முன்னால் கையில் கொடுத்துவிட வேண்டும். தைத்து முடிந்த அளவு 60க்கு 90 இன்ச்.

மேல் பக்கம் சரியாக வந்துவிட்டது. 5 இன்ச் கட்டம், தையலுக்கு அரை இன்ச் சேர்த்து ஐந்தரையாக வெட்ட வேண்டும், மொத்தம் 216 கட்டம், நிறத்துக்கு 108. 44 இன்ச் பன்னாவில் (துணியின் அகலம்) கரை போக குறுக்கே 7 கட்டம் விழும், அப்போது 16 பட்டை, 88 இன்ச். நிறத்துக்கு இரண்டரை மீட்டர் போதும்.

பின்துணியில்தான் மாட்டிக்கொண்டேன். சுற்றிலும் 4 இன்ச் விட்டால் 68க்கு 98 வேண்டும். டவுன் ரத வீதிக் கடையில் நாலு மீட்டர் போதும் என்கிறார்கள், எங்கள் தெரு டெய்லர் அண்ணாச்சி ஆறு வாங்கச் சொல்கிறார். துண்டு வாங்கி நனைத்துக் காயவைத்துப் பார்த்தேன், 20 இன்ச் 19 ஆகிவிட்டது. அந்தச் சுருக்கத்தையும் சேர்த்தால் 44 பன்னாவில் இரண்டு நீளம் 206 இன்ச், கிட்டத்தட்ட ஐந்தேகால் மீட்டர், அதிலும் அகலத்தில் நிறைய வீணாகிறது. 58 பன்னா என்றால் குறுக்குவாக்கில் இரண்டு துண்டு, 3.75 மீட்டரில் முடிகிறது, ஆனால் இணைப்புத் தையல் சரியாக முதுகுக்குக் கீழே வரும். அம்மாவுக்கு அது உறுத்தக் கூடாது.

தைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள், 44 பன்னாவில் ஐந்தரை மீட்டர் வாங்கவா, 58 பன்னாவில் 3.75 வாங்கவா?