அப்பாவுக்கு பாஸ்பரஸ் 6.2, சாப்பாட்டை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வணக்கம். அப்பாவுக்கு வயது 67, சிறுநீரக நோய் நான்காம் நிலை. டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. இத்தனை நாள் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த மாத ரிப்போர்ட்டில் ரத்தத்தில் பாஸ்பரஸ் 6.2, இருக்க வேண்டியது 2.5 முதல் 4.5 வரை. ராத்திரி முழுக்க உடம்பைச் சொறிந்துகொண்டிருந்தாரே, அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உறைத்தது. இப்படியே விட்டால் எலும்பு பலவீனமாகும், ரத்தக்குழாயில் கால்சியம் படியும், மிச்சமிருக்கும் சிறுநீரகமும் சீக்கிரம் கெடக்கூடும் என்றார்.

செவலமர் மாத்திரை எழுதியிருக்கிறார். சாப்பாட்டோடு போட்டால்தான் அது உணவிலுள்ள பாஸ்பேட்டை (பாஸ்பரஸ் உணவில் இருக்கும் வடிவம்) பிடிக்கும். அப்பாவோ எல்லா மாத்திரையையும் ஒரு மணி நேரம் கழித்து மொத்தமாக விழுங்குகிற ஆள்! பாஸ்பேட் சேர்த்த கோலா, பாக்கெட் இறைச்சி எல்லாம் வீட்டில் கிடையாது. எங்களுக்குச் சிக்கலே நெத்திலிக் கருவாடும் ராத்திரிப் பாலும்தான். பருப்பிலுள்ள பாஸ்பேட் உடம்பில் முழுதாகச் சேராது, அதனால் அளவாகக் கொடுக்கிறோம்.

உங்கள் வீட்டில் பாலை எவ்வளவு குறைத்தீர்கள்? செவலமரால் மலச்சிக்கல் வந்ததா, வந்தால் என்ன செய்தீர்கள்? மதுரைப் பக்கம் சிறுநீரக நோயாளிகளுக்குச் சாப்பாட்டு அட்டவணை போட்டுத் தரும் டயட்டீஷியன் இருந்தால் சொல்லுங்கள். நாட்டு மருந்து யோசனை மட்டும் வேண்டாம், பெரியப்பா பேச்சைக் கேட்டு ஏற்கெனவே ஒருமுறை பட்டுவிட்டோம்.