பாலியல் தொழிலில் வரும் வருமானம் ஏன் பெண்ணை மேலே தூக்குவதில்லை?

தேன்மொழி:
சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். பாலியல் தொழில் பெண்களின் முன்னேற்றத்தை எப்படிப் பாதிக்கிறது என்று கட்டுரை எழுத வேண்டும். முழுக்கச் சுரண்டல் என்று ஒரு தரப்பு, இதுவும் ஒரு வேலைதான் என்று இன்னொரு தரப்பு. கிடைக்கக்கூடிய மற்ற வேலைகளைவிட இதில் காசு கூடுதல் என்று தொழிலில் இருக்கும் பெண்கள் பலர் சொல்கிறார்கள். அப்படியிருந்தும் வயதான பிறகு பலர் கையில் ஒன்றுமே இல்லையே, ஏன்?

செல்வராணி:
தங்கச்சி, பாலியல் தொழிலாளர்களின் சேமிப்புக் குழு ஒன்றுக்குப் பல வருடம் கணக்கு எழுதியவள் நான். எவ்வளவு வருகிறது என்பதைவிட எவ்வளவு தங்குகிறது என்று பாருங்கள். பாலியல் தொழில் விடுதி நடத்துபவருக்குப் பங்கு, தரகருக்குப் பங்கு, அறை வாடகை, மாமூல். இதெல்லாம் போக மிஞ்சுவதைக் கந்துவட்டிக்காரர் வாங்கிப் போவார். முன்பணம் கொடுத்து அழைத்துவரப்பட்ட பெண் என்றால், அந்தக் கடன் அடையும்வரை அவள் உழைப்பு அவளுடையதே இல்லை.

அடையாள அட்டை, முகவரிச் சான்று இல்லாமல் வங்கிக் கணக்கு கிடைப்பது கடினம். பணத்தை விடுதிக்காரரிடமே கொடுத்து வைப்பார்கள். திரும்பக் கேட்கும்போது கணக்கு வேறு மாதிரி இருக்கும், சாட்சியும் இருக்காது. வீட்டுக்கு அனுப்பும் காசில் தம்பி படிப்பான், தங்கை கல்யாணம் முடியும், வீடு எழும்பும். பத்திரத்தில் மட்டும் இவள் பெயர் இருக்காது. நான் பார்த்ததில் என்னை மிகவும் வருத்தியது இதுதான். இன்னொன்று, மற்ற தொழிலில் அனுபவம் கூடக் கூடக் கூலி ஏறும். இங்கே வயது ஏற ஏற வருமானம் இறங்கும், அதுவும் பிள்ளைகளின் படிப்புச் செலவு கூடும் நேரத்தில்.

கல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் பகுதியான சோனாகாச்சியில் 1995-இல் பெண்களே தொடங்கிய உஷா கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிக் கட்டாயம் படியுங்கள். தொழிலை மறைக்காமல், பாலியல் தொழிலாளர்கள் என்றே சொல்லிப் பதிவு செய்தார்கள். சேமிக்கவும் நியாயமான வட்டிக்குக் கடன் வாங்கவும் ஓர் இடம் கிடைத்ததும் கந்துவட்டியின் பிடி தளர்ந்தது.

வழக்கறிஞர் மாறன்:
சட்டப் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன். இந்தியாவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வயதுவந்த பெண் தன் விருப்பத்தில் தனியாக இதில் ஈடுபடுவது மட்டுமே குற்றம் ஆகாது. ஆனால் விடுதி நடத்துவதும், பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைப்பதும் குற்றம். அவள் வருமானத்தில் வாழ்வதாக 18 வயது தாண்டிய யார் மீதும் வழக்குப் போடலாம். கல்லூரியில் படிக்கும் மகனும் வயதான அம்மாவும்கூட இந்த வரையறைக்குள் வந்துவிடுவார்கள். உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் முகவரிச் சான்று இல்லாமலே ஆதார் வழங்க வழிகாட்டியது. தாய் இந்தத் தொழிலில் இருக்கிறார் என்பதற்காக மட்டும் குழந்தையைப் பிரிக்கக்கூடாது என்று நீதிமன்றம் அமைத்த குழு பரிந்துரைத்தது.

தேன்மொழி:
நன்றி அக்கா, நன்றி சார். அப்படியானால் குற்றமில்லை என்று ஆக்கிவிட்டால் சரியாகிவிடுமா?

செல்வராணி:
சட்டம் மாறினால் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நியூசிலாந்து 2003-இல் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2014-இல் அங்கே ஒரு பெண், விடுதி நடத்துபவர் பாலியல் தொல்லை கொடுத்ததாக வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கினார். தொழிலே குற்றமாக இருக்கும் நாட்டில் அவர் புகார் கொடுக்கவே போயிருக்க மாட்டார். ஆனால் தற்காலிக விசாவில் வந்த பெண்களுக்கு அந்த நாட்டிலும் இந்தத் தொழிலுக்கு அனுமதி இல்லை. ஏமாற்றப்பட்டாலும் வெளியே சொல்லப் பயப்படுவார்கள். ஸ்வீடன் 1999-இல் வேறு வழி எடுத்தது, வாங்குபவரைத்தான் தண்டிக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு எழுதுங்கள்.

ஆனால் சட்டத்தோடு கட்டுரையை முடித்துவிடாதீர்கள். மறுவாழ்வு என்று தையல் மெஷின் கொடுத்து அனுப்புவார்கள். அந்த வருமானத்தில் வட்டியே கட்ட முடியாமல் திரும்பி வந்தவர்கள் உண்டு. வெளியே வர நினைப்பவளுக்கு முதலில் கடன் தீர வேண்டும், வாடகைக்கு வீடு கிடைக்க வேண்டும், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வேண்டும். தொழில் பயிற்சி அப்புறம்தான். தொழிலில் தொடர்பவளுக்கும் இவை மூன்றும் அப்படியே தேவை. உங்கள் ஊரில் நடக்கும் மறுவாழ்வுத் திட்டம் எதையாவது எடுத்து, இவை அதில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.