"ஹைலி இன்ஃப்ளேமபிள்"னா தீப்பிடிக்குமா, பிடிக்காதா? "இன்"ல ஆரம்பிக்கிற வார்த்தைங்க பத்தி ஒரு சந்தேகம்

கயல்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எம்பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. போன வாரம் இங்கிலீஷ் டெஸ்ட்ல "இன்ஃப்ளேமபிள்"னா "தீப்பிடிக்காத"ன்னு எழுதி மார்க் போயிருச்சு. அவ சொல்ற காரணத்த கேட்டா எனக்கு தப்புன்னே தோணல, ஏன்னா முன்னாடி "இன்" வந்தா எதிர்ப்பதம்னுதான் சொல்லிக் குடுத்திருக்காங்க, விசிபிள் இன்விசிபிள், கரெக்ட் இன்கரெக்ட், கம்ப்ளீட் இன்கம்ப்ளீட்னு நோட்டு முழுக்க ஜோடி ஜோடியா எழுதி வச்சிருக்கா. நேத்து ஸ்கூட்டில கூட்டிட்டு வரும்போது சிக்னல்ல எங்களுக்கு முன்னாடி ஒரு பெட்ரோல் டேங்கர், பின்னாடி பெருசா "ஹைலி இன்ஃப்ளேமபிள்"னு எழுதியிருக்கு. "அம்மா, அப்ப இது சுத்தமா பத்தவே பத்தாதுன்னுதானே அர்த்தம் வரணும்"னு கேட்டா. எனக்கு பதில் தெரியல. சும்மா மனப்பாடம் பண்ணிக்கோன்னு சொல்ல மனசு வரல. இதே மாதிரி இன்வேல்யுவபிள், இன்ஃபமஸ் ரெண்டுலயும் குழம்பி நிக்கிறா. தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்களேன்.

சொல்தேடி:
அம்மா, உங்க பொண்ணு யோசிச்ச விதம் ரொம்ப சரி, அவகிட்ட முதல்ல அத சொல்லிருங்க. விஷயம் என்னன்னா பாக்க ஒண்ணா இருந்தாலும் "இன்" ரெண்டு இருக்கு. ரெண்டுமே லத்தீன்ல இருந்து வந்ததுதான், ஆனா வேற வேற.

ஒண்ணு "இல்லை"ங்கிற இன். நம்ம ஊர்ல நீதி அநீதி, நியாயம் அநியாயம், அவசியம் அனாவசியம்னு சொல்றோம்ல, அந்த சமஸ்கிருத "அ", "அன்"னுக்கு இது சொந்தக்காரன், ஒரே பழைய வேர்ல இருந்து பிரிஞ்சு வந்தது. இங்கிலீஷ்ல அன்ஹேப்பின்னு சொல்ற "அன்"னும் அதே குடும்பம்தான்.

இன்னொண்ணு "உள்ளே"ங்கிற இன். இன்ஹேல் இதுதான், மூச்ச உள்ள இழுக்குறது. இன்கம், இன்புட்ல இருக்கிறது இங்கிலீஷோட சொந்த "இன்", லத்தீன் இல்ல, ஆனா அர்த்தம் அதே "உள்ளே"தான், உள்ள வர்றது, உள்ள போடுறது. தீ மேட்டர்ல லத்தீன்ல இன்ஃப்ளமாரேன்னு ஒரு வினை, தீயை மூட்டுறதுன்னு அர்த்தம், அதுல "இன்" வந்து வேலைய இன்னும் அழுத்திதான் சொல்லுது. அதுல இருந்து வந்ததுதான் இன்ஃப்ளேமபிள், அதாவது மூட்டினா பத்திக்கக்கூடியது. இங்கிலீஷ்ல இதுதான் மூத்த வார்த்தை. "இன்" இல்லாத ஃப்ளேமபிள் 1800க்கு அப்புறம் வந்த வார்த்தை, 1920கள்லதான் அமெரிக்காவோட தேசிய தீத்தடுப்பு சங்கம் அதையே எழுதுங்கன்னு கேட்டுச்சு, காரணம் உங்க பொண்ணுக்கு வந்த அதே குழப்பம், யாராவது தீப்பிடிக்காதுன்னு நெனச்சு பக்கத்துல நெருப்ப கொண்டு போயிரக்கூடாதுல்ல. 1959ல பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனமும் அதே முடிவுக்கு வந்துச்சு. ஆக ரெண்டு வார்த்தைக்கும் ஒரே அர்த்தம், தீப்பிடிக்காதுன்னா நான்ஃப்ளேமபிள்.

ஒண்ணு மறந்துட்டேன். அவ நோட்டுல இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர் எல்லாம் இருந்தா அதுவும் அதே "இல்லை" இன்தான், அடுத்து வர்ற எழுத்துக்கு ஏத்த மாதிரி மாறிருக்கு. மரம், கள் சேர்ந்தா மரங்கள் ஆகுது, பணம், தான் சேர்ந்தா பணந்தான் ஆகுது, நன்னூல்ல திரிதல்னு படிச்சிருப்பாளே, அதே கதை. ஆனா இம்போர்ட்ல இருக்கிற "இம்" உள்ளே இன், போர்ட்டாரேன்னா சுமக்குறது, உள்ள சுமந்து கொண்டு வர்றது இறக்குமதி.

வார்டு_நர்ஸ்:
நான் இத வேலைல தினமும் பாக்குறேன். இன்ஃப்ளமேஷனுக்கு தமிழ்ல என்ன? அழற்சி. அழல்னா நெருப்பு. அங்க தீ மூட்டுறதுன்னு பேர் வச்சாங்க, இங்கயும் நெருப்புலதான் பேர் வச்சிருக்காங்க. ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி ரோம்ல செல்சஸ்னு ஒருத்தர் எழுதி வச்ச நாலு அறிகுறி, சிவப்பு, வீக்கம், சூடு, வலி, எங்களுக்கு ட்ரெய்னிங்ல மொத வருஷமே சொல்லிக் குடுப்பாங்க. பாப்பாவுக்கு டான்சில் வீங்கி தொண்டை எரிஞ்சிருக்கும்ல, அத ஞாபகப்படுத்தி சொல்லுங்க, அப்புறம் ஆயுசுக்கும் இன்ஃப்ளேமபிள் மறக்காது.

நாமக்கல்_டேங்கர்:
நான் முன்ன பெட்ரோல் வண்டி ஓட்டிட்டு இப்ப கேஸ் டேங்கர் ஓட்டுறனுங்க. எழுத்து படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியணும்னுதானுங்க அது கூடவே சிவப்புல ஒரு சாய்சதுரம், நடுவுல நெருப்பு படம் போட்டிருக்கும். ஒரு பலகைல நம்பரும் இருக்கும், பெட்ரோலுக்கு 1203, எல்பிஜிக்கு 1075, உலகம் பூரா ஒரே நம்பர்தானுங்க. வண்டி கவுந்துருச்சுன்னா ஃபயர் சர்வீஸ்காரங்க அந்த நம்பர வச்சுத்தான் உள்ள என்ன சரக்குன்னு கண்டுபிடிப்பாங்க. பாப்பாகிட்ட அடுத்த தடவ அதையும் பாக்கச் சொல்லுங்க, ஆனா சிக்னல்ல எங்க வண்டிக்கு ரொம்ப ஒட்டி நிறுத்தாதீங்க, பின்னாடி ஒட்டி நிக்கிற டூவீலர் கண்ணாடில தெரியாதுங்க.

கயல்_அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அழல், அழற்சி சொன்னதும் அவ முகமே மாறிருச்சு. இன்வேல்யுவபிள், இன்ஃபமஸ் மட்டும் பாக்கி. அதுல "இல்லை" இன்தான்னா மதிப்பில்லாததுன்னுதானே வரணும்?

சொல்தேடி:
"இல்லை" இன்தான், ஆனா எது இல்லைங்கிறதுதான் முக்கியம். நாமளே "விலைமதிப்பற்ற"ன்னு சொல்றோம்ல, அதுல "அற்ற" இருக்கு, யாராவது அத மட்டம்னு எடுத்துக்குறோமா? விலை போட்டு மதிக்க முடியாத அளவு உசத்தி. இன்வேல்யுவபிள் அச்சு அசல் அதேதான். இன்ஃபமஸ்ல இல்லாமப் போறது நல்ல பேர், ஆள ஊருக்கே தெரியும், ஆனா கெட்ட விதத்துல. இன்ஃபன்ட் கூட "இல்லை" இன்தான், பேச்சு வராததுன்னு அர்த்தம், கைக்குழந்தைக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்க.

சந்தேகம் வந்தா ஒரு வழி இருக்கு, எல்லாத்துக்கும் சரி வராது, ஆனா நெறைய உதவும். அந்த வார்த்தைக்கு முன்னாடி இன்னொரு "இல்லை" போட முடியுதான்னு பாக்கச் சொல்லுங்க. இன்ஹேபிட்டபிள்னா குடியிருக்கத் தக்கது, அன்இன்ஹேபிட்டபிள்னா குடியிருக்க முடியாதது. முன்னாடி "அன்" ஒட்டுதுன்னா உள்ள இருக்கிற "இன்" எதிர்ப்பதம் இல்ல.

கயல்_அம்மா:
நோட்டுல நடுவுல கோடு போட்டு "உள்ளே" ஒரு பக்கம், "இல்லை" ஒரு பக்கம்னு பிரிச்சு எழுதிட்டு உக்காந்திருக்கா, இன்டிபென்டன்ஸ் டே வரைக்கும் அவளே "இல்லை" பக்கம் சரியா போட்டுட்டா, இன்டென்ஸ்ல வந்து நிக்கிறா. அது எந்தப் பக்கம்?

சொல்தேடி:
உள்ளே பக்கம். டெண்டரேன்னா இழுத்து விறைப்பா கட்டுறது. துணிய இழுத்துக் கட்டுற டென்ட் இருக்கு பாருங்க, அதுவும் அந்த வேர்தான்.