ஞாயிற்றுக்கிழமை ஏழு கிடா

குழு: கருப்பர் துணை – நம்ம வீட்டு ஆட்கள்

பெரியப்பா: ஞாயிறு கருப்பர் கோயில் கிடா வெட்டுக்குக் காலை 5 மணிக்கு வேன் வரும். கிடா ஏழு. சுணங்காமல் வரவும்.

முத்து அண்ணன் (சிங்கப்பூர்): எங்க கிடாவும் சேர்த்தாப்பா?

பெரியப்பா: சேர்த்துத்தான்.

சித்தப்பா: அண்ணே, ஒரு விஷயம். போன வருஷம் ரத்தத்தையும் குடல் கழுவிய தண்ணீரையும் வாய்க்காலில் விட்டோம். ராத்திரி மழை பெய்து அத்தனையும் ஊருணிக்குப் போனது. மூன்றாம் நாள் கெண்டையெல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தது. ரத்தம் அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜன் தீர்ந்துபோகும், மீன் மூச்சுத் திணறிச் சாகும். ஊர்க்காரர்கள் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. இந்தத் தடவை ஒரு சொட்டுகூட வாய்க்காலுக்குப் போகக் கூடாது.

தேவகோட்டை அத்தை: என் அண்டாவும் போன வருஷம்தான் போச்சு

பெரியப்பா: அண்டா அப்புறம்.

மதினி: சின்ன மாமா, அப்போ ரத்தத்தை என்ன செய்வது?

சித்தப்பா: 20 கிலோ கிடாவில் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஏழுக்கும் சேர்த்து ஐந்தாறு லிட்டர். சட்டியில் கல் உப்பும் ஒரு கை தண்ணீரும் போட்டுப் பிடித்தால் பத்து நிமிஷத்தில் தயிர் மாதிரி உறைந்துவிடும். பொரியலுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். மீதியை உப்பில்லாமல் தனியாகப் பிடித்து, கொதிக்க வைத்து, துணியில் பிழிந்து, தகரத்தில் மூன்று நாள் காயவைத்தால் கறுப்பாகப் பொடியும். ரத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், அதனால் ஒரு கிலோதான் தேறும். ஆனால் அந்தப் பொடியில் தழைச்சத்து 10 முதல் 12 சதவீதம். கால் கிலோ யூரியாவுக்குச் சமம். தென்னையைச் சுற்றிப் பள்ளம் எடுத்து மண்ணோடு கலந்து மூட வேண்டும். மேலாகப் போட்டால் நாய் தோண்டிவிடும், ஒரே இடத்தில் கொட்டினால் வேர் கருகும்.

முத்து அண்ணன்: 👍

தேவகோட்டை அத்தை: செல்விக்கு ரத்தம் 9தான் இருக்காம். ஆறாம் மாசம். ரத்தப் பொரியல் கொடுத்து விடுங்கப்பா. அப்பத்தா முருங்கைக்கீரை போட்டு வதக்குமே, அது மாதிரி

மதினி: நல்லா வேக வைத்துக் கொடுக்கலாம் அத்தை. அந்த இரும்புச்சத்து உடம்பில் சுலபமாகச் சேரும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஈரல் மட்டும் கொடுக்காதீர்கள், அதில் வைட்டமின் ஏ அதிகம், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.

தேவகோட்டை அத்தை: சுவரொட்டி? மண்ணீரலைத்தான் கேட்கிறேன்

மதினி: கொடுக்கலாம்.

பெரியப்பா: கோயில் எல்லையைத் தாண்டி எதுவும் வீட்டுக்கு வராது. அங்கேயே சமைத்து அங்கேயே சாப்பிட்டு முடிக்க வேண்டும். இது அய்யா காலத்து முறை.

தேவகோட்டை அத்தை: பிள்ளைத்தாச்சிக்குமா

பெரியப்பா: காரைக்குடி கறிக்கடையில் சொல்லிவை. சட்டியில் பிடித்து வைப்பார்கள்.

சித்தப்பா: அண்ணே, சாமிக்கு வெட்டியது ஊருணியில் அழுகுவதும் முறை இல்லையே.

பெரியப்பா: 2003-இல் நீ சொன்னதைக் கேட்டுத்தான் பூசணிக்காய் வெட்டினோம். அன்று அய்யா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மறந்துவிட்டாயா?

சித்தப்பா: அப்போது அரசு தடை அண்ணே. நான் அரசு வேலையில் இருந்தவன். 2004-இல் அந்தச் சட்டத்தையே எடுத்த பிறகு முதல் கிடா வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். அய்யா முகம் எனக்கும் மறக்கவில்லை.

மதினி: 🙏 விடுங்க மாமா

முத்து அண்ணன்: சித்தப்பா, காய்ந்த பொடியை நம்ம மாட்டுக்குத் தீவனத்தில் கலந்தால் பால் கூடுமா? இங்கே ஒருத்தர் சொன்னார்.

சித்தப்பா: கூடவே கூடாது தம்பி. இங்கிலாந்தில் செத்த கால்நடையின் கறியையும் எலும்பையும் பொடியாக்கி மாட்டுக்கே போட்டதால்தான் பைத்திய மாட்டு நோய் பரவியது. 1986-இல் கண்டுபிடித்து, 1988-இல் அந்தத் தீவனத்தைத் தடை செய்தார்கள். புல் தின்கிற பிராணிக்கு அதைப் போடாதே. மண்ணுக்குத்தான்.

முத்து அண்ணன்: சரி சரி

நான்: சித்தப்பா, கோயில் பின்னால் நாலு தென்னை நிற்கிறதே. அங்கேயே புதைத்தால் எல்லையும் தாண்டாது.

சித்தப்பா: இதைத்தான் சொல்ல வந்தேன். அப்படியானால் காயவைக்கவும் வேண்டாம். தூரிலிருந்து நாலடி தள்ளி முழங்கால் ஆழத்துக்குக் குழி. இரைப்பைச் சாணியும் காய்ந்த இலையும் போட்டு, மேலே ரத்தம் ஊற்றி, மண் மூடிவிடலாம். எலும்பைத் தனியாகச் சாக்கில் கட்டுங்கள், காய்ந்த எலும்புப் பொடியில் மணிச்சத்து 20 சதவீதத்துக்கு மேல்.

மதினி: தோல்?

பெரியப்பா: தோல் பூசாரிக்கு. அதில் யாரும் பேச வேண்டாம்.

நான்: குழி யார் வெட்டுவது?

பெரியப்பா: பூசாரியிடம் கேட்டுச் சொல்கிறேன். ஐயனார் சைவம், அவருக்குத் திரை போட்ட பிறகுதான் வெட்டு, அதுவரை சட்டியோடு யாரும் முன்னால் நிற்கக் கூடாது.

சித்தப்பா: கேட்டுவிடுங்கள் அண்ணே. நான் சனிக்கிழமையே மண்வெட்டியோடு போகிறேன்.

முத்து அண்ணன்: எங்க பங்குக்கு ஆள் கூலி நான் அனுப்புகிறேன்.

தேவகோட்டை அத்தை: ரத்தம் பிடிக்கச் சட்டி நான் தர மாட்டேன். அண்டா முதலில் வரட்டும். அடியில் எங்க வீட்டுப் பேர் வெட்டியிருக்கும், எல்லாரும் வீட்டில் பாருங்க