ஸ்டீல், பிளாக் தவிர வேறு என்ன குறிப்பது?

சாட்ஸ்வொர்த் கோச்: டர்பனில் பள்ளிப் பையன்களுக்குக் கூடைப்பந்து சொல்லித் தருகிறேன். ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (ஷாட்டைத் தட்டித் தடுப்பது) இரண்டையும் நோட்டில் குறிக்கிறோம். அதில் முதலில் நிற்பவன் ஒவ்வொரு பாஸுக்கும் பாய்கிறவன். தவறவிட்டால் பின்னால் ரிங் காலி. எதிராளியை ஒட்டியே நின்று பந்தே வாங்கவிடாத இன்னொருவனுக்கு வெறும் பூஜ்யம். இவனை எப்படிக் கணக்கில் கொண்டுவருவது?

பீனிக்ஸ் மாமா: அமெரிக்காவின் பெரிய லீக்கான என்பிஏவிலேயே இவை இரண்டையும் 1973-74 சீசனில்தான் எழுத ஆரம்பித்தார்கள். பில் ரஸ்ஸல் 1969லேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவ்வளவு பெரிய தடுப்பாட்டக்காரர் கணக்கில் ஒரு பிளாக்கும் இல்லை! நோட்டை விட்டுத்தள்ளுங்கள் தம்பி.

மாரிட்ஸ்பர்க் கணக்கு: விடவேண்டாம். டிஃபென்சிவ் ரேட்டிங் என்பது 100 பொசஷனுக்கு (எதிரணி கையில் பந்து வரும் ஒவ்வொரு முறையும் ஒரு பொசஷன்) விட்டுக்கொடுத்த புள்ளிகள். தனி ஆளுக்குப் போட்டாலும் அதில் பெரும்பகுதி அணியின் கணக்குதான். அதைவிட, அவன் ஆடும்போதும் உட்காரும்போதும் எதிரணி எடுக்கும் புள்ளிகளைத் தனித்தனியே எழுதுங்கள். கூட ஆடும் நால்வர் யார் என்பதும் முக்கியம். ஓரிரு ஆட்டத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

சாட்ஸ்வொர்த் கோச்: சரி அண்ணே. அவன் பிடிக்கும் ஆள் எத்தனை ஷாட் எடுத்தான் என்பதையும் குறிக்கலாமா?

மாரிட்ஸ்பர்க் கணக்கு: தாராளமாக. ஸ்விட்ச் ஆனதும் (தடுப்பவர்கள் ஆளை மாற்றிக்கொண்டதும்) யார் யாரைப் பிடித்தார்கள் என்று சண்டை வரும், போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.