க்யூ என்ற ஆங்கில எழுத்துக்குப் பின் யூ வராத சொற்களை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

விடுமுறை நாட்களில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஸ்க்ராபிள் சொல்லிக்கொடுக்கிறேன். ஆங்கில எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஆட்டம் அது. எல்லோரும் தமிழ் வழியில் படிப்பவர்கள். க்யூ கைக்கு வந்தால் முகம் வாடிவிடும். 100 கட்டைகளில் ஒன்றே ஒன்றுதான் க்யூ, அதற்கு 10 புள்ளி. யூ கிடைக்காமல் கடைசிவரை கையில் தங்கிவிட்டால் அந்தப் பத்தும் கழிந்துபோகும். அதனால் யூ தேவைப்படாத குறுஞ்சொற்களை எழுதிவைத்து மனப்பாடம் செய்கிறார்கள். பொருள் கேட்டால் விழிக்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

க்யூவோடு யூவைச் சேர்த்தெழுதும் வழக்கம் 1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்களால் ஆங்கிலத்தில் வேரூன்றியது. அரசியைக் குறிக்கும் ‘குயீன்’ அதற்கு முன் சி, டபிள்யூ போட்டு எழுதப்பட்ட சொல். யூ இல்லாதவை பெரும்பாலும் வேறு மொழிகளிலிருந்து வந்து சேர்ந்தவை. நம் காதுக்குக் ‘க’ என்றே கேட்கும் ஒலி அரபியில் இரண்டு உண்டு. அடித்தொண்டையில் பிறக்கும் ஒலியைப் பிரித்துக் காட்டத்தான் க்யூ. க்யூ, ஐ என்ற இரண்டே எழுத்தில் அமைந்த சீனச் சொல் இந்த வகையில் சேராது. அதைச் ‘சீ’ என்று உச்சரிக்க வேண்டும். உடலில் ஓடும் உயிராற்றல் என்று பொருள். வட அமெரிக்கப் போட்டி அகராதியில் 2006ல்தான் அதற்கு இடம் கிடைத்தது.

இத்தகைய சொற்களை வாழ்க்கையில் நேரில் கண்டவர்கள் எழுதுங்கள். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவேன்.

வேலந்தாவளத்திலிருந்து:

ஐயா, நான் ஓமனில் வேலை பார்த்துத் திரும்பியவன். எஸ்-யூ-க்யூ என்ற சொல்லுக்குள்தான் வாரந்தோறும் நடந்தேன். சூக் என்றால் சந்தை. மஸ்கட்டில் முத்ரா சூக் பெயர்பெற்றது. சாம்பிராணிப் புகை தெருமுனையிலேயே நம்மை வரவேற்கும். க்யூ-ஏ-டீ என்பது ஏமன்காரர்கள் பிற்பகலில் கன்னத்தில் ஒதுக்கி மெல்லும் இலை. என்னோடு தங்கியிருந்த ஏமன் நண்பர் ஊர்ப்பேச்சை எடுத்தால் அந்த இலையில்தான் தொடங்குவார். சவுதியில் அதற்குத் தடை.

நான் சொல்ல வந்தது க்யூ-ஏ-என்-ஏ-டீ. கனாத். அரபியில் பிறந்து ஈரானில் வழங்கும் சொல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் இருக்கும் இடம்வரை ஒரு சுரங்கத்தை மெல்லிய சரிவில் வெட்டுவார்கள். காற்றுக்கும் மண் அள்ளுவதற்கும் இடையிடையே கிணறுபோல் செங்குத்துக் குழிகள் இருக்கும். இறைக்க ஆள் வேண்டாம், மாடு வேண்டாம், மோட்டார் வேண்டாம். தண்ணீர் தன் எடையிலேயே ஊருக்கு வந்து சேரும். ஈரானின் கனாத்துகள் 2016ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன.

ஓமனில் இதே வேலைக்கு ஃபலஜ் என்று பெயர். நிஸ்வா ஊரில் ஃபலஜ் தாரிஸ் வாய்க்காலில் காலை நனைத்தபோது என் அப்பாவைத்தான் நினைத்தேன். அவர் கிணறு வெட்டியே எங்களை வளர்த்தவர். பாறையில் வெடி வைத்து, ஊற்றுக்கண் திறக்குமா என்று காத்திருந்தவர். அங்கே தண்ணீரை அளவு பார்த்துப் பங்கிடவில்லை, நேரம் பார்த்துப் பங்கிட்டார்கள். பகலில் சூரிய நிழலும் இரவில் நட்சத்திரமும் கணக்கு. மழைமறைவில் கிடக்கும் நம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் இது. ஆட்டத்தில் 14 புள்ளி என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

நகரியிலிருந்து:

க்யூ அல்ல, இசட். எங்கள் தாத்தா தச்சர். மரம் செதுக்கும் அவருடைய கருவிக்கு வீட்டில் வாய்ச்சி என்று பெயர், தெலுங்குக்காரர் வந்து கேட்டால் பாடிச. ஆங்கிலத்தில் ஏ-டி-இசட்-இ என்று கல்லூரி நாட்களில் அகராதியில் பார்த்தேன். கோடரி என்றே பலர் நினைக்கிறார்கள். கோடரியின் அலகு காம்புக்கு இணையாக நிற்கும். வாய்ச்சியின் அலகு குறுக்கே நிற்கும், மண்வெட்டி போல. மரத்தின் முகத்தைச் செதுக்கிச் சமன் செய்வதற்கு அதுதான். இணையத்தில் படத்தைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது, தாத்தாவின் கை இருந்த இடம்வரை.

குமுளியிலிருந்து:

எல்லாம் சரி. ஆனால் ஆட்டத்தில் வெல்லப் பொருள் தேவையில்லை. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே 2015ல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை வென்றார். பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் மனப்பாடத்தைத் தடுக்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

குமுளி நண்பரே, மறுக்கவில்லை. அவருடைய நினைவாற்றல் வியக்கத்தக்கது. ஆனால் என் திண்ணையில் உட்காருகிற பிள்ளைகள் உலகப் பட்டத்துக்கு ஆடவில்லை. ஆங்கிலம் என்றால் அஞ்சுகிற பிள்ளைகள் அவர்கள். வேலந்தாவளத்துக்காரர் எழுதியதைப் படித்துக் காட்டியபோது ஒரு சிறுமி கனாத்தின் படத்தை வரைந்து, சரிவு எவ்வளவு வேண்டும், அதிகமானால் மண் அரித்துவிடாதா என்று கேட்டாள். உண்மைதான், சரிவு கூடினால் நீரோட்டம் சுரங்கத்தின் அடியை அரித்துவிடும். இப்படி ஒரு கேள்வியைப் பட்டியல் அவளிடமிருந்து வரவழைத்திருக்காது.

அடுத்த வாரம் இசட் எழுத்து. நகரி நண்பரின் வாய்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். இசட்-ஓ என்றொரு சொல்லும் இருக்கிறது. இமயமலைப் பகுதியில் யாக்குக்கும் மாட்டுக்கும் பிறக்கும் கலப்பினம். லடாக்கில் பணியாற்றிய ராணுவத்தினர் நம் எல்லைப்புற ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். அந்த விலங்கை நேரில் பார்த்தவர்கள், அது எதற்குப் பயன்படுகிறது, எவ்வளவு சுமக்கும் என்று எழுதி அனுப்புங்கள்.