விண்டோஸ் நிறுவும்போது எஸ்எஸ்டி தெரியவில்லை, பயாஸில் மட்டும் தெரிகிறது

கேட்டவர்: வெற்றுத்திரை

இன்டெல் 12ஆம் தலைமுறை பிராசசர் உள்ள லேப்டாப். உள்ளே ஒரே ஒரு 512 ஜிபி என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி. அதில் இப்போதுள்ள விண்டோஸ் 11 நன்றாகவே இயங்குகிறது. கூடவே வந்த தேவையில்லாத மென்பொருள்களை ஒழிக்க, பென் டிரைவிலிருந்து புதிதாக நிறுவப் பார்க்கிறேன். எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்று கேட்கும் பக்கம் காலியாக வருகிறது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) அதே எஸ்எஸ்டி பெயரோடும் கொள்ளளவோடும் தெரிகிறது.

லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி பென் டிரைவில் போட்டேன். "லோட் டிரைவர்" கொடுத்து அந்தக் கோப்புறையைக் காட்டினால், சைன் செய்யப்பட்ட டிரைவர் எதுவும் இல்லை என்கிறது. பயாஸில் விஎம்டி என்பதை அணைத்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அணைக்கலாமா? டி டிரைவில் உள்ள கோப்புகள் எனக்குக் கட்டாயம் வேண்டும். நிறுவியில் டச்பேடும் வேலை செய்யவில்லை.

பதில்: பலகைத்தச்சன்

எஸ்எஸ்டி பழுதாகவில்லை, கவலைப்பட வேண்டாம். விஎம்டி என்பது என்விஎம்இ டிஸ்க்குகளை நிர்வகிக்கும் இன்டெல் வசதி. அது இயக்கத்தில் இருக்கும்போது என்விஎம்இ டிஸ்க் நேரடியாக இயங்குதளத்தின் கண்ணில் படாது. இன்டெல்லின் விஎம்டி கன்ட்ரோலர் மட்டுமே தெரியும், டிஸ்க் அதற்குப் பின்னால் இருக்கும். விண்டோஸோடு வரும் பொதுவான என்விஎம்இ டிரைவருக்கு இந்தக் கன்ட்ரோலரோடு பேசத் தெரியாது. பயாஸுக்குத் தெரியும், அதனால்தான் அங்கே மட்டும் காட்டுகிறது. 11ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்கள் இப்படித்தான், விஎம்டி இயக்கிய நிலையிலேயே வருகின்றன.

உங்கள் டிரைவர் ஏறாததற்குக் காரணம், இறக்கியது டாட் இஎக்ஸ்இ கோப்பாக இருக்கும். நிறுவி அதைத் திறந்து பார்க்காது. அதற்கு வேண்டியது டாட் ஐஎன்எஃப், டாட் எஸ்ஒய்எஸ், டாட் சிஏடி மூன்றும் ஒரே கோப்புறையில். ஐஎன்எஃப் மட்டும் இருந்து சிஏடி விடுபட்டாலும் இதே செய்திதான் வரும், ஏனென்றால் சைன், அதாவது டிரைவரின் கையொப்பம், இருப்பது சிஏடி கோப்பில்.

பழைய விண்டோஸ் இன்னும் ஓடுகிறது என்பது உங்களுக்குப் பெரிய வசதி. டிரைவரை வெளியே தேட வேண்டாம், இந்தக் கணினியில் வேலை செய்துகொண்டிருக்கும் டிரைவரையே பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவில் முதலில் ஒரு வெற்றுக் கோப்புறை உருவாக்குங்கள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதை ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்:

பிஎன்பியூடில் /எக்ஸ்போர்ட்-டிரைவர் * எஃப்:\பேக்கப்

எஃப் என்ற இடத்தில் உங்கள் பென் டிரைவின் எழுத்து வரும். நட்சத்திரக் குறிக்கு முன்னும் பின்னும் இடைவெளி அவசியம். வெளியார் டிரைவர்கள் அத்தனையும் தனித்தனிக் கோப்புறையாக வந்து இறங்கும். அவற்றில் ஐஏஸ்டார்விடி என்று பெயர் தொடங்கும் கோப்புறைதான் ஸ்டோரேஜ் டிரைவர். "லோட் டிரைவர்" கொடுத்து நேராக அந்தக் கோப்புறையையே சுட்டுங்கள், அதன் மேலே உள்ள கோப்புறையை அல்ல.

விண்டோஸே கிளம்பாத கணினி என்றால் இன்டெல் தளத்திலுள்ள ஆர்எஸ்டி என்ற ஸ்டோரேஜ் மென்பொருளின் நிறுவியை வேறொரு கணினியில் இறக்கிப் பிரிக்க வேண்டும். கமாண்ட் பிராம்ப்டில் அடிக்க வேண்டியது: செட்டப்ஆர்எஸ்டி கோப்பின் பெயர், ஒரு இடைவெளி, சிறுகோடு, அதையொட்டி எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ் என்று ஒரே சொல்லாக, மீண்டும் இடைவெளி, கடைசியில் கோப்புறையின் பெயர். எந்தத் தலைமுறைக்கான பதிப்பு என்பதை இறக்கும் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பதில்: ஏழாம்பிட்

மேலே சொன்ன வழிதான் நல்லது. ஆனாலும் விஎம்டியை அணைக்கலாமா என்று கேட்டதால் அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒரே எஸ்எஸ்டி, ரெய்ட் (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் முறை) எதுவும் இல்லை என்றால் அணைக்கலாம். அணைத்தபின் விண்டோஸின் சொந்த என்விஎம்இ டிரைவரே போதும், தனி டிரைவர் வேண்டியதில்லை. இரண்டு டிஸ்க்கை ரெய்டில் கோத்திருந்தால் மட்டும் தொடவே கூடாது, அந்த இணைப்பு குலைந்துவிடும்.

அணைப்பதற்கு முன் கட்டாயம் செய்ய வேண்டியது பிட்லாக்கர் (டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவியை எடுத்து வைப்பது. 48 இலக்க எண் அது. பல லேப்டாப்களில் டிவைஸ் என்க்ரிப்ஷன் நீங்கள் கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸில் இப்படி ஒரு மாற்றம் செய்தால் அடுத்த முறை கணினி அந்தச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி இல்லையென்றால் டி டிரைவும் திறக்காது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். தாளில் எழுதியும் வையுங்கள், அந்தச் சமயத்தில் இந்தக் கணினியைத் திறந்து பார்க்க முடியாது.

விஎம்டியை அணைத்ததும் பழைய விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும், இனாக்சஸிபிள் பூட் டிவைஸ் என்று வரும். என்விஎம்இ டிரைவர் உள்ளே இருந்தாலும் கிளம்பும்போதே ஏற்ற வேண்டியது என்று பதிவாகியிருக்காது, காரணம் அதுதான். தரவு எதுவும் போகவில்லை. விஎம்டியைத் திரும்ப இயக்கினால் பழையபடி கிளம்பிவிடும்.

பழைய விண்டோஸை வைத்துக்கொண்டே அணைக்க நினைப்பவர்கள் எம்எஸ்கான்ஃபிக் (விண்டோஸ் கிளம்பும் விதத்தை மாற்றும் கருவி) திறந்து பூட் பகுதியில் சேஃப் பூட், மினிமல் தேர்ந்து, மறுதொடக்கத்தில் நேரே பயாஸுக்குப் போய் அணைக்க வேண்டும். சேஃப் மோடில் ஒருமுறை கிளம்பியதும் அந்தத் தேர்வை எடுத்துவிட்டு வழக்கமாகக் கிளப்பலாம். சேஃப் மோடில் பின் எண் சில கணினிகளில் எடுபடாது, கணக்கின் முழு கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும்.

பயாஸில் விஎம்டி வரியே காணோம் என்றால்: ஏசர் லேப்டாப்களில் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் வரி வெளியே வரும்.

டி டிரைவ் பற்றி ஒரு எச்சரிக்கை. உங்களிடம் ஒரே டிஸ்க் என்பதால் டி அதன் ஒரு பார்ட்டிஷன்தான், அதாவது அதே டிஸ்க்கின் ஒரு பிரிவு. நிறுவியில் டிரைவ் எழுத்துகளை நம்ப வேண்டாம், அங்கே மாறித் தெரியும். அளவைப் பார்த்து சி பார்ட்டிஷனை மட்டும் அழித்து, உருவாகும் காலி இடத்தில் நிறுவுங்கள். எல்லாவற்றையும் அழித்தால் டி-யும் போய்விடும். எதற்கும் டி-யின் கோப்புகளை வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்த பிறகே நிறுவியைத் தொடங்குங்கள்.

பதில்: கம்பிக்காரன்

டச்பேட் நிறுவியில் வேலை செய்யாதது இந்தத் தலைமுறையில் சாதாரணம்தாங்க. அது ஐ2சிங்கிற உள் இணைப்பு வழியா இணைஞ்சிருக்கும், இன்டெல் சீரியல் ஐஓ டிரைவர் ஏறுனாத்தான் அசையும். நிறுவி முடியற வரைக்கும் யூஎஸ்பி மவுஸ் வச்சுக்கோங்க.

அடுத்த சிக்கல் வைஃபை. நிறுவி முடிஞ்சு முதல் அமைப்புப் பக்கம் வந்ததும் இணையம் கேட்கும், வைஃபை டிரைவர் இல்லேன்னா அங்கேயே நின்னுடும். ஆண்ட்ராய்டு போனை கேபிள்ல மாட்டி யூஎஸ்பி டெதரிங் (போனோட இணையத்தைக் கணினிக்குத் தர்றது) போட்டா பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே இணையம் வந்துடும். இல்லேன்னா ஷிஃப்ட், எஃப்10 அழுத்தி கமாண்ட் பிராம்ப்ட் கருப்புத் திரையைத் திறந்து, எடுத்து வச்ச பேக்கப்பை மொத்தமா ஏத்திடுங்க:

பிஎன்பியூடில் /ஆட்-டிரைவர் எஃப்:\பேக்கப்\*.ஐஎன்எஃப் /சப்டிர்ஸ் /இன்ஸ்டால்

சில லேப்டாப்ல எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்தணும். பென் டிரைவோட எழுத்து இங்கே மாறியிருக்கலாம், முதல்ல பார்த்துக்கோங்க.

டிரைவரைத் தானாத் தேடித் தர்றதா சொல்ற மென்பொருள் எதையும் போடாதீங்க. டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் குறி மிஞ்சினா, பிராப்பர்ட்டீஸ்ல ஹார்டுவேர் ஐடி எடுத்துப் பாருங்க. விஇஎன்-க்கு அப்புறம் வர்றது தயாரிப்பாளர், டிஇவி-க்கு அப்புறம் வர்றது சாதனம். 8086 இன்டெல், 10இசி ரியல்டெக். அதை வச்சே எந்த டிரைவர்னு கண்டுபிடிச்சுடலாம்.

வெற்றுத்திரை

மூவருக்கும் நன்றி. சாவியையும் டி-யின் பிரதியையும் எடுத்துவிட்டேன். ஐஏஸ்டார்விடி கோப்புறையைச் சுட்டியதும் பட்டியல் வந்தது. ஆனால் இரண்டு வரிகள்: ஒன்று விஎம்டி கன்ட்ரோலர் 467எஃப், மற்றது விஎம்டி மேனேஜ்டு கன்ட்ரோலர் 09ஏபி. எதைத் தேர்வது?

பதில்: பலகைத்தச்சன்

467எஃப். 12ஆம் தலைமுறையின் விஎம்டி கன்ட்ரோலர் அதுதான். 11ஆம் தலைமுறையில் அதே இடத்தில் 9ஏ0பி என்று வரும். மேனேஜ்டு என்ற வரியைத் தேர்ந்தால் டிஸ்க் வராது. இணங்காத டிரைவர்களை மறை என்ற பெட்டியில் குறி அப்படியே இருக்கட்டும்.

ஏற்றிய பிறகும் பக்கம் காலியாக இருந்தால் ரெஃப்ரெஷ் கொடுங்கள், எஸ்எஸ்டி பார்ட்டிஷன்களோடு வந்துவிடும். கேட்காமலே டிரைவர் ஏற வேண்டுமென்றால் பென் டிரைவின் முதல் நிலையில், பெயரின் இரு பக்கமும் டாலர் குறி வைத்து வின்பிஇடிரைவர் என்று ஒரு கோப்புறை உருவாக்கி ஐஏஸ்டார்விடி கோப்புறையை அதற்குள் போட்டுவிடுங்கள். நிறுவி தொடங்கும்போது தானாக எடுத்துக்கொள்ளும். பேக்கப் முழுவதையும் அதில் கொட்ட வேண்டாம், நிறுவலுக்குத் தேவையானது ஸ்டோரேஜ் டிரைவர் மட்டும்தான்.